வயிற்றுக் கோளாறு என்று எழுதினேன்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலையில், விடுப்புப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பத்து நாள் ஈட்டிய விடுப்பு. தேதியெல்லாம் நிரப்பியாயிற்று. 'காரணம்' என்ற கட்டம் மட்டும் பாக்கி. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைதான் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நான்கு மாதமாக விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, வெளிச்சம் வரும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைச் சொன்னேன். குளிப்பதே ஒரு பெரிய வேலையாகிவிட்டதைச் சொன்னேன். மகள் பேசும்போது அவள் வாய் அசைவது தெரிகிறது, சொல் மட்டும் காதில் ஏறவில்லை என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் 'டிப்ரஷன்' என்றார். எஸ்சிடாலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கச் சொன்னார். அவர் சொன்ன அந்தச் சொல்லைக் கட்டத்துக்குள் எழுதப் பேனா போகவில்லை. 'கடும் வயிற்றுக் கோளாறு' என்று எழுதினேன். மேலாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "வெளியில சாப்பிடுறதைக் குறைங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அம்மாவிடமும் போனில் அதையே சொன்னேன். அவள் உடனே மோரும் வெந்தயமும் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வயிறு என்று சொல்லிவிட்டால் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். "உனக்கு என்ன குறைச்சல்?" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

முதல் வாரம் அந்தப் பொய் ஒருவிதத்தில் உண்மையாகவும் ஆனது. மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாளிலிருந்து குமட்டல், இரண்டு நாள் பேதி. மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். உடம்பில் உள்ள, இந்த மாத்திரை குறிவைக்கும் செரடோனின் என்ற ரசாயனத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது, அதனால் மனதுக்குக் கொடுக்கும் மாத்திரை முதலில் வயிற்றைத்தான் போய்த் தட்டும், சில நாளில் அடங்கிவிடும் என்றார். அந்த 90 சதவீதம் என் மண்டைக்குள் தங்கிவிட்டது. பின்னால் நான் செய்த மடத்தனத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஆறு வாரம் கழித்து, கொஞ்சம் தேறியிருந்த நேரம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன் ஒரு செய்தியை அனுப்பினான். மண்சட்டியில் பழைய சோறு, பக்கத்தில் சின்ன வெங்காயம், மேலே சிவப்பு எழுத்தில் 'மனச்சோர்வின் வேர் குடலில்! விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு'. நம் குடலில் இரண்டு கிலோ பாக்டீரியா இருக்கிறது, அவைதான் நம் சந்தோஷத்தைத் தீர்மானிக்கின்றன, முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல, இத்யாதி. அவனுக்கு என் விஷயம் தெரியாது. வழக்கமாக இதையெல்லாம் திறக்காமலே கடந்துவிடும் ஆள் நான். அன்று இரண்டு முறை படித்தேன். அப்படியானால் படிவத்தில் நான் எழுதியது பொய்யே இல்லையே! எனக்கு வந்தது வயிற்றுக் கோளாறுதான். மூளைக்கு அது தெரியவர நாலு மாதம் ஆகியிருக்கிறது.

நம் மொழியும் துணைக்கு வந்தது. பயம் வந்தால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அடிவயிறு கலங்குகிறது. பொறாமை வயிற்றெரிச்சல். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிகிறது. நல்ல சேதி கொண்டுவந்தவனிடம் "வயித்துல பாலை வார்த்தே" என்கிறோம். பாலா, தயிரா என்பதில் மட்டும்தான் வித்தியாசம் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். வழக்குச் சொல்லை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது என்பது அப்போதும் தெரியும். ஆனால் நம்ப முடிவு செய்துவிட்டவனுக்கு எல்லாமே சாட்சி.

எலிகளோடு கழித்த இரவுகள்

மூன்று மணி விழிப்பு அப்போதும் முழுதாகப் போகவில்லை. அந்த நேரத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் வணிகவியல் படித்தவன். பாதி புரியாது, புரிந்த பாதி பிரமிப்பாக இருக்கும். 2004இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை ஒரு குறுகிய குழாய்க்குள் அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றின் உடம்பில் பதற்ற ஹார்மோன்கள் அதிகமாகப் பொங்கின. பிஃபிடோபாக்டீரியம் வகையில் ஒரு கிருமியைக் குடியேற்றியதும் அது சாதாரண எலிகளின் அளவுக்கு இறங்கியது. வேறு எலிகளின் கழிவைக் கொடுத்தும் பார்த்தார்கள். குட்டிப் பருவத்தில் கொடுத்தால் ஓரளவு பலன் இருந்தது, வளர்ந்தபின் கொடுத்தால் இல்லை. இதில் கடைசி வரியை நான் வேகமாகத் தாண்டிப் போனேன்.

2011இல் வந்தது இன்னும் பெரிய விருந்து. அயர்லாந்தின் கார்க் நகரில் ஜான் கிரையன், டெட் டைனன் குழுவும் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை எலிகளுக்கு 28 நாள் கொடுத்தார்கள். பிறகு தப்ப வழியில்லாத தண்ணீர்த் தொட்டியில் அவற்றை விட்டார்கள். கொஞ்ச நேரம் நீந்திவிட்டு, எலிகள் ஒரு கட்டத்தில் கையைக் காலை அசைக்காமல் மிதக்க ஆரம்பிக்கும். பாக்டீரியா உண்ட எலிகள் அப்படி மிதந்தது குறைவு, நீந்திய நேரம் அதிகம். அதோடு, குடலிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் இந்தப் பலன் காணாமல் போனது. தந்திக் கம்பியை அறுத்ததும் சேதி நின்றுவிட்ட மாதிரி. அந்த நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவைதான், மூளை கீழே அனுப்பும் உத்தரவுகளுக்கானவை குறைவு என்று படித்தபோது, மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டேன். நானும் நான்கு மாதமாக நீந்தாமல் மிதந்துகொண்டிருந்த எலிதானே.

2016இல் மனச்சோர்வு உள்ளவர்களின் மலத்தை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அந்த எலிகளுக்கு இனிப்புத் தண்ணீரில் இருந்த ஆசை குறைந்துபோனது. பாயசம் கசந்துபோன தீபாவளி ஒன்று எனக்கு நினைவில் இருந்ததால், இதையும் எனக்காகவே செய்த சோதனை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் வாங்கத் தொடங்கினேன். மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) மாத்திரைகள். வீட்டில் தயிர் தனியாக உறை ஊற்றினேன். பழைய சோற்றுக்குத் தனிச் சட்டி. அலுவலகத்தில் கேட்டால் வயிற்றுக்கு என்றேன், யாரும் ஆச்சரியப்படவில்லை. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் நோயைப் பற்றிப் பொதுவில் உற்சாகமாகப் பேச முடிந்தது. கேன்டீனில் நின்று பாக்டீரியா பற்றி வகுப்பே எடுத்திருக்கிறேன்.

அதற்கு நடுவில்தான் 2018இல் வந்த ஒரு ஆய்வு கண்ணில் பட்டது. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 வகைக் குடல் பாக்டீரியாக்கள்மீது ஆய்வகத்தில் சோதித்தார்கள். ஆன்டிபயாடிக் இல்லாத, மனித உடம்பைக் குறிவைத்த மருந்துகளிலேயே 24 சதவீதம், ஏதாவது ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சியையாவது தடுத்தன. மனநோய்க்கான சில மருந்துகளும் அதில் உண்டு. கண்ணாடித் தட்டில் நடந்தது வயிற்றில் அப்படியே நடக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நான் சொல்லிக்கொண்டேன். ஒரு கையால் பாக்டீரியாவை வளர்த்து மறு கையால் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று முடிவு கட்டி, யாரிடமும் கேட்காமல், எஸ்சிடாலோப்ராமை நிறுத்தினேன்.

பதினேழாவது நாள்

முதல் சில நாள் தலைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் தொட்ட மாதிரி இருந்தது. திடீரென்று நிறுத்தினால் அப்படி வரும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதை நான் 'கழிவு வெளியேறுகிறது' என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டாவது வாரம் மூன்று மணி மறுபடி முழுசாக வந்து உட்கார்ந்தது. பதினேழாவது நாள் காலை, தயிர்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அதைக் கிண்ணத்தில் ஊற்றும் அளவுக்குக்கூடத் தெம்பில்லாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல தயிர். கெட்டியாக உறைந்திருந்தது. என் மனைவி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ஆட்டோ பிடித்தாள்.

மருத்துவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நான் படித்ததையெல்லாம் கேட்டார். கியூஷூ, கார்க், ஹைடல்பர்க் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நடுவில் அவரே ஒன்றிரண்டு விவரம் சேர்த்தார், அவரும் படித்திருக்கிறார். கடைசியில் கேட்டார்: "இதுல எந்தக் கட்டுரை மாத்திரையை நிறுத்தச் சொல்லிச்சு?"

எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஒரு வரியை எழுதியவன் நான். பத்துப் பதினைந்து ஆய்வாளர்கள் ஜாக்கிரதையாக அடுக்கி வைத்திருந்த செங்கல்மேல் நானாக ஒரு மாடியைக் கட்டி, அதிலிருந்து விழுந்திருந்தேன். "குடல்ல ஆரம்பிச்சுதோ மூளைல ஆரம்பிச்சுதோ, இப்ப நீங்க தரையில உக்காந்திருக்கீங்க. முதல்ல எழுந்திரிப்போம்" என்றார். தயிரை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். மாத்திரையை மறுபடி 5 மில்லிகிராமிலிருந்து தொடங்கினோம்.

தேறிய பிறகு அதே கட்டுரைகளை, பகலில், ஒரு டீயோடு படித்தேன். நான் தாண்டிப் போன வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. தொட்டியில் எலிகளை நீந்த வைத்த அதே கார்க் குழு, அதே ரகப் பாக்டீரியாவை 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டிருக்கிறது. பதற்றத்திலோ நினைவாற்றலிலோ, வெறும் போலி மாத்திரையைவிட அது எதையும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது. தங்கள் புகழ்பெற்ற எலியை மனிதனிடம் தோற்கவிட்டு, அதையும் அச்சில் போட்டிருக்கிறார்கள். சித்தப்பா மகனின் குழுக்களில் 2011 இன்னும் சுற்றுகிறது. 2017ஐ யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

அந்த 90 சதவீதமும் அப்படித்தான். குடலில் உண்டாகும் செரடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது, நடுவில் தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. இரண்டு கிலோவும் பழைய கணக்கு. 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் போட்ட மறுகணக்குப்படி ஒரு சராசரி ஆணின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள், மொத்த எடை ஏறக்குறைய 200 கிராம். ஒரு டம்ளர் தயிர் அளவு.

மனிதர்களிடம் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. பெல்ஜியத்தில் ஜெரோன் ரேஸ் குழு 1,054 பேரின் குடல் பாக்டீரியாக்களைப் பார்த்து 2019இல் எழுதியது: மனச்சோர்வு உள்ளவர்களிடம் கோப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரண்டு இனங்கள் குறைவாக இருந்தன, மாத்திரையின் பாதிப்பைக் கழித்துப் பார்த்தாலும் குறைவுதான். சரி. ஆனால் எது முந்தியது? நான் அந்த நான்கு மாதம் சாப்பிட்டதை நினைத்துப் பார்க்கிறேன். பன், டீ, சில இரவுகளில் மிக்சர். காய் என்று ஒன்றை மென்ற ஞாபகமே இல்லை. நாரை நம்பிப் பிழைக்கும் பாக்டீரியா என் வயிற்றில் அப்போது பட்டினியாகத்தான் கிடந்திருக்கும். அது செத்ததால் நான் சோர்ந்தேனா, நான் சோர்ந்ததால் அது செத்ததா? இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கிணற்றில் விழுந்திருக்கலாம் என்பதுதான் என் சந்தேகம்.

சாப்பாட்டை மாற்றிப் பார்த்த சோதனையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு, மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம் உணவு ஆலோசனை கொடுத்தது: காய், பழம், பருப்பு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய். இன்னொரு பாதிக்கு ஆறுதலான பேச்சுத்துணை. முதல் குழுவில் 32 சதவீதம் பேர் மீண்டார்கள், மற்றதில் 8. சின்ன சோதனைதான். தனக்கு எது கிடைக்கிறது என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் நான் கவனித்தது வேறொன்று. அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையோ ஆலோசனையோ ஏதோ ஒரு சிகிச்சையிலும் இருந்தார்கள். சாப்பாடு அதோடு சேர்ந்துகொண்டது. இதையும் நான் முதல்முறை படித்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

பல்லைப் பிடுங்கியவர்

குடலில் காரணம் தேடுவது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப், பெருங்குடலில் அழுகும் பொருள்களே முதுமையைக் கொண்டுவருகின்றன, புளித்த பால் அதைத் தடுக்கும் என்று சொல்ல, ஐரோப்பாவே தயிர் குடித்தது. 1910இல் லண்டன் பெத்லெம் மனநல மருத்துவமனையில் ஜார்ஜ் போர்ட்டர் ஃபிலிப்ஸ் என்ற மருத்துவர், சோகநோயாளிகளுக்கு மலச்சிக்கல் இருப்பதைக் கவனித்து, 18 பேருக்கு லாக்டிக் அமில பாக்டீரியா கொடுத்தார். 11 பேர் குணமானார்கள், இரண்டு பேர் தேறினார்கள் என்று எழுதினார். மருந்து கொடுக்காத ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பழக்கம் அன்றைக்குப் பரவவில்லை. சும்மா விட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பதற்கு இனி விடை கிடையாது.

அந்த அளவோடு நின்றிருந்தால் கதை இனிப்பாக முடிந்திருக்கும். அமெரிக்காவில், நியூஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனைக்கு 1907இல் தலைவரான ஹென்றி காட்டன் இதே பாதையில் இன்னும் கொஞ்ச தூரம் போனார். பைத்தியத்துக்குக் காரணம் உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் கிருமி என்றார். நோயாளிகளின் பல்லைப் பிடுங்கினார். பிறகு டான்சில். அப்புறமும் குணமாகாவிட்டால் பெருங்குடல். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குணமாகிறார்கள் என்று பறைசாற்றினார். குடல் அறுவையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் செத்துக்கொண்டிருந்தார்கள். 1924இல் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் கணக்கைத் துருவிப் பார்த்து, குணமானவர்கள் என்பதே பொய்க்கணக்கு என்று கண்டார். அவருடைய அறிக்கையை அவருக்கு மேலிருந்தவர்கள் வெளியே வரவிடவில்லை. காட்டன் மோசடிக்காரர் இல்லை. தன் சொந்த மகன்களின் பற்களையே முன்ஜாக்கிரதையாகப் பிடுங்கியவர். உண்மையாகவே நம்பினார். இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது (வேறு எப்படிச் சொல்ல). கேன்டீனில் வகுப்பெடுத்தபோது எனக்கும் அதே உற்சாகம்தான் இருந்தது.

பெரியம்மாவின் வயிறு

பதினேழாவது நாளுக்குப் பிறகு அம்மா வந்து மூன்று வாரம் எங்களோடு இருந்தாள். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வயித்துக்கு உள்ளதாய்யா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், படிவத்தில் எழுதியதையும். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அக்காவுக்கும் வயிறுன்னுதான் சொன்னாவ" என்றாள்.

பெரியம்மாவை எனக்கு லேசாகத்தான் ஞாபகம். இரண்டாவது பிள்ளை காய்ச்சலில் போனபிறகு ஒரு வருஷத்துக்கு மேல் படுத்தே கிடந்திருக்கிறாள். சோறு இறங்கவில்லை, வயிற்றைப் பிசைகிறது என்றிருக்கிறாள். குடல் ஏறிவிட்டது என்று குடல் தட்டுகிறவரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். எண்ணெய் போட்டு வயிற்றை நீவிவிட்டு அனுப்பியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. "அவளும் போவா. போயிட்டு வந்தா ரெண்டு நாளு நல்லா இருப்பா" என்றாள் அம்மா. யாராவது ஒருவர் அரைமணி நேரம் அவளைத் தொட்டுப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டதாலோ என்னவோ. வயிறு என்று சொன்னதால்தான் அந்தக் காலத்தில் அவளுக்கு அந்த அளவு வைத்தியமாவது கிடைத்தது என்றும் தோன்றுகிறது. மனசு என்று சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அந்த ஊரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு அவளைவிட நல்ல காலம் வாய்த்தது. மருத்துவர் இருந்தார், மாத்திரை இருந்தது. அப்படியிருந்தும் நான் தேடியது ஒரு வயிற்றைத்தான். பாக்டீரியாமேல் எனக்கு வந்த அந்த மூன்று மணிக் காதலில் பாதி விஞ்ஞானத்தின் மேல் வந்தது இல்லை. என் நோய் என் குணம் சம்பந்தப்பட்டது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தர ஒரு ஆள் வேண்டியிருந்தது. 200 கிராம் கிருமிகளிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆய்வாளர்கள் ஆராயட்டும், எனக்கு இன்னும் ஆர்வம் உண்டு, புதிதாக வந்தால் படிக்கிறேன், பகலில் மட்டும்.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரம் இரண்டு முறை போன் செய்கிறாள். அவள் வாயிலிருந்து 'டிப்ரஷன்' என்ற சொல் இதுவரை வந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் அதேதான் கேட்டாள்.

"வயிறு எப்பிடிய்யா இருக்கு?"

"ரெண்டு நாளா கொஞ்சம் மோசம்தாம்மா."

"தூக்கம்?"

"மூணு மணிக்கு முழிப்பு வந்துருச்சு."

"மாத்திரை போடுதியா?"

"போடுதேன்."

"டாக்டர்ட்ட சொன்னியா?"

"நாளைக்குப் போறேன்."

"சரி. மோரு குடிச்சியா?"

"குடிச்சேன்."